லாரி எஞ்சின் பழுது பார்க்கச் சாய்வு மேடை

விளைபொருள் ஏற்றும் லாரியின் எஞ்சினைப் பழுது பார்க்கப் பலரும் பம்பர் மீதோ, எண்ணெய் டிரம் மீதோ ஏறி நிற்கின்றனர். கால் வழுக்கினால் விலா எலும்பு முறியக்கூடும். ஏணி போன்ற இரும்புச் சட்டத்தில் மெத்தைப் பலகை பொருத்திய ‘டாப்சைடு க்ரீப்பர்’ என்னும் சாய்வு மேடை இதைத் தவிர்க்க உதவும். இதன்மீது மார்பைச் சாய்த்துக்கொண்டு இரு கைகளாலும் வேலை செய்யலாம்.

வாங்குமுன் கவனிக்க வேண்டியவை:

1. வண்டி: முன்புறம் நீண்ட பானெட் உள்ள லாரிக்கே இம்மேடை ஏற்றது. கேபினுக்கு அடியில் எஞ்சின் உள்ள லாரிக்கு இது பயன்படாது. கேபினைச் சாய்த்து, தாங்குகோலைப் பூட்டிய பின்னரே வேலை செய்ய வேண்டும். டிராக்டர் எஞ்சினைப் பக்கவாட்டில் நின்றே எட்டலாம்.

2. உயரம்: தரையிலிருந்து எஞ்சின் அறை விளிம்பு வரை அளக்கவும். பலகை அவ்விளிம்பைவிடச் சற்று உயர்ந்திருக்க வேண்டும்.

3. தாங்கும் எடை: 80 கிலோ எடையுள்ளவர் 10 கிலோ கருவிகளுடன் ஏறினால் 90 கிலோ ஆகும். இறுகிய போல்ட்டைத் திருகும் விசையும் சேருவதால், 180 கிலோ தாங்கும் மேடையே நலம்.

4. அடிப்பகுதி: அகன்ற கால்களும், பூட்டக்கூடிய சக்கரங்களும் அவசியம். மண் தரையில் சக்கரம் புதையும். சிமெண்டுத் தளமே ஏற்றது.

எஞ்சினை நிறுத்திச் சாவியை எடுத்த பின்னரே மேடையில் ஏறவும். சுழலும் விசிறியில் தோள் துண்டு சிக்கினால் உயிருக்கே ஆபத்து. அடிக்கடி தேவைப்படாதெனில், லாரி வைத்துள்ள சில விவசாயிகள் சேர்ந்து ஒன்று வாங்குவது சிக்கனமாகும்.