இயர்போன் ஒயரை மாற்றினால் பாட்டு மாறுமா?

– மூன்றாம் ஆண்டு, மின்னணு மற்றும் தொடர்பியல் பிரிவு



புளூடூத் எவ்வளவோ வந்துவிட்ட பிறகும், 'பாட்டுன்னா ஒயர் இயர்போன்தான்' என்று பிடிவாதமாக இருப்பவர்கள் நம்மில் உண்டு. நானும் அந்தக் கட்சிதான். அந்தக் கட்சிக்குள் இப்போது ஒரு புது வழக்கம் வந்திருக்கிறது. இயர்போனோடு வந்த ஒயரைக் கழற்றிப் போட்டுவிட்டு, வெள்ளி பூசிய ஒயர், ஆக்சிஜன் இல்லாத செம்பு ஒயர் என்று தனியாக வாங்கி மாட்டுகிறார்கள். விலை ஆயிரத்தையும் தாண்டிப் பல ஆயிரம் வரை போகிறது. மாட்டியவரைக் கேட்டால், 'பேஸ் நல்லா இறங்குது, குரல் கண்ணாடி மாதிரி இருக்கு' என்கிறார்.

2022-ல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்திலும், 2024-ல் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் அரசுப் பள்ளியிலிருந்து மேற்படிப்புக்கு வருபவர்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் என்று வகுத்தார்கள். அந்தக் கணக்கில் ஒரு ஒயர் என்பது நம்மைப் போன்றவர்களுக்கு ஒரு மாதப் படிப்புச் செலவு. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். எங்கள் வீட்டில் எது வாங்கினாலும் 'அது என்ன செய்யும்?' என்று அம்மா ஒரு கேள்வி கேட்பார். இந்த ஒயருக்கும் அதே கேள்வியைக் கேட்போம். பதில் நம் முதலாண்டுப் பாடத்திலேயே இருக்கிறது.

ஒயர் சத்தத்தைத் தின்னும் இடம்

'ஒயரால் ஒன்றுமே ஆகாது' என்று ஒரேயடியாகச் சொல்லிவிட முடியாது. திருவிடைமருதூர் மகாலிங்கசுவாமி கோயிலில் தைப்பூசத் திருவிழா வந்தால் மைக் செட் கட்டுவார்கள். என் சித்தப்பா அந்த வேலைக்கு ஒயர் இழுக்கப் போவார். பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர். ஆனால் 'தூரம் கூடினா ஒயரே சத்தத்தைத் தின்னுடும், லைன்ல போடணும்டா' என்பார். அவர் கைப்பழக்கத்தில் சொன்னதை நாம் கணக்கில் போட்டுப் பார்க்கலாம்.

தடை = மின்தடை எண் × நீளம் ÷ குறுக்குப் பரப்பு.

ஒரு சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயருக்கு மீட்டருக்கு 0.0172 ஓம். ஸ்பீக்கர் நூறு மீட்டர் தள்ளி இருந்தால் போக வர 200 மீட்டர். தடை 3.44 ஓம். ஸ்பீக்கரின் தடை 8 ஓம்தான். அதற்கு 30 வாட் போய்ச் சேர வேண்டுமானால் சுமார் 2 ஆம்பியர் ஓட வேண்டும். அப்போது ஒயர் மட்டும் 13 வாட் தின்றுவிடும்!

அதையே 100 வோல்ட் லைனில், ஸ்பீக்கர் பக்கம் லைன் டிரான்ஸ்பார்மர் வைத்துக் கொடுத்தால், 30 வாட்டுக்கு 0.3 ஆம்பியர் போதும். அதே ஒயரில் நஷ்டம் 0.3 வாட். மின்வாரியம் வயல் மேல் உயர் அழுத்தக் கம்பி இழுப்பதும் இதே காரணத்தால்தான்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. ஒயர் மாறவில்லை, அதன் முனையில் இருக்கும் சுமைதான் மாறியது. ஒயரின் தடை தனியாக எதையும் சொல்லாது. சுமையோடு ஒப்பிட்டால்தான் அது பெரிதா சிறிதா என்று தெரியும்.

இயர்போன் கணக்கு

இப்போது அதே வாய்பாட்டை இயர்போனுக்குப் போடுவோம். சாதாரண இயர்போனின் மின்மறுப்பு 16 அல்லது 32 ஓம். ஒயர் நீளம் 1.2 மீட்டர், போக வர 2.4 மீட்டர். கம்பியின் பரப்பு 0.08 சதுர மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம்.

செம்பு ஒயர்: தடை 0.52 ஓம். 32 ஓம் இயர்போனில் குறையும் ஒலி 0.14 டெசிபல்.

வெள்ளி ஒயர் (மீட்டருக்கு 0.0159 ஓம் கணக்கில்): தடை 0.48 ஓம். குறையும் ஒலி 0.13 டெசிபல்.

வித்தியாசம் 0.01 டெசிபல். ஒலி ஏறக்குறைய ஒரு டெசிபல் மாறினால்தான் நம் காது சாதாரணமாகக் கண்டுபிடிக்கும். அமைதியான அறையில் கூர்ந்து கேட்டால் அதில் பாதிக்குக் கீழேயும் பிடிக்கலாம். நூறில் ஒரு பங்கைப் பிடிக்க முடியாது. இதுவும் சுத்த வெள்ளிக்குப் போட்ட கணக்கு. வெள்ளி மேலே பூசிய ஒயரில் உள்ளே இருப்பது செம்புதான்.

'கெபாசிட்டன்ஸ் இருக்கே, ஸ்கின் எஃபெக்ட் இருக்கே?' என்று கேட்பீர்கள். அதையும் பார்த்துவிடுவோம். மீட்டருக்கு 100 பிக்கோபாரட் என்று எடுத்தால் 1.2 மீட்டருக்கு 120 பிக்கோபாரட். நம் காதின் உச்ச எல்லையான 20 கிலோஹெர்ட்ஸில் அது சுமார் 66,000 ஓம். 32 ஓமுக்குப் பக்கத்தில் இணையாக 66,000 ஓம் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன? ஸ்கின் எஃபெக்டில், 20 கிலோஹெர்ட்ஸில் செம்புக்குள் மின்னோட்டம் இறங்கும் ஆழம் கிட்டத்தட்ட அரை மில்லிமீட்டர். நம் கம்பியின் ஆரமே 0.16 மில்லிமீட்டர்தான்.

தூய செம்பின் கதை

செம்பின் தூய்மைக்கு ஒரு காலத்தில் பெரிய மதிப்பு இருந்தது உண்மை. 1857-ல் வில்லியம் தாம்சன் (பின்னாளில் கெல்வின் பிரபு) விற்பனையில் இருந்த செம்புக் கம்பிகளை அளந்து, அவை மின்சாரத்தைக் கடத்தும் திறனில் ஒன்றுக்கொன்று பெரிய வித்தியாசம் இருப்பதைக் காட்டினார். அட்லாண்டிக் கடலுக்கடியில் மூவாயிரம் கிலோமீட்டருக்கு மேல் தந்திக் கம்பி போடுகிறவர்களுக்கு அது வாழ்வா சாவா என்ற விஷயம். 1913-ல் செம்பின் கடத்துத்திறனுக்கு உலகப் பொது அளவும் வந்துவிட்டது. இன்று சாதாரண மின்கம்பிக்கு வரும் செம்பே 99.9 சதவீதம் தூய்மையானது. ஆக்சிஜன் இல்லாத செம்பு அதைவிடச் சுமார் ஒரு சதவீதம்தான் கூடுதலாகக் கடத்தும். அதற்கு உண்மையான தேவை வெற்றிடக் குழாய் போன்ற கருவிகளில்தான். ஒன்றேகால் மீட்டர் ஒயருக்கு அட்லாண்டிக் கடலின் கவலை எதற்கு?

நாகசுரத்துக்கு மரம் முக்கியமாச்சே?

ஒரு நண்பர் இப்படிக் கேட்டார். நம் பக்கத்து நரசிங்கம்பேட்டை நாகசுரத்துக்கு 2022-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. பழைய வீடுகளில் இருந்து எடுத்த ஆச்சா மரத்தைத் தேடிப் பிடித்துக் கடைகிறார்கள். 'மரம் மாறினால் நாதம் மாறும்போது, கம்பி மாறினால் மாறாதா?' என்பது அவர் வாதம்.

நல்ல கேள்விதான். நாகசுரத்தில் சத்தம் பிறப்பதே அங்கேதான். சீவாளி துடிக்கிறது, குழலுக்குள் காற்று அதிர்கிறது. சீவாளியின் பதமும், குழலின் துளையும், உட்சுவரின் வழவழப்பும் அந்த அதிர்வில் நேரடியாகப் பங்கு கொள்கின்றன. இயர்போனில் அந்த இடத்தில் இருப்பது காதுக்குள் போகும் சின்னத் தகடு. ஒயர் அதற்கு மின்சாரம் கொண்டு போகும் வாய்க்கால். வாய்க்காலில் தண்ணீர் குறையாமல் வந்து சேர்ந்தால் போதும். நெல்லின் ருசி வாய்க்காலால் மாறாது.

அப்படியானால் அவர்களுக்குக் கேட்டது என்ன?

அவர்கள் பொய் சொல்லவில்லை. ஒயரை மாற்ற இயர்போனைக் காதிலிருந்து எடுத்துத் திரும்பப் போடுகிறோம். ரப்பர் முனை காதில் உட்காரும் விதம் கொஞ்சம் மாறினாலே பேஸ் நன்றாக மாறும். வால்யூம் துளி கூடினாலும் 'நல்லா இருக்கு' என்றே தோன்றும். கொடுத்த காசும் காதுக்குள் உட்கார்ந்து பேசும்.

2007-ல் அமெரிக்காவில் ஜேம்ஸ் ராண்டி என்ற மேஜிக் நிபுணர், 7,250 டாலர் ஸ்பீக்கர் ஒயரைக் கண்ணால் பார்க்காமல் காதால் அடையாளம் காட்டினால் பத்து லட்சம் டாலர் பரிசு என்றார். இரு தரப்பும் ஒத்துவராமல் சோதனை கடைசிவரை நடக்கவே இல்லை.

நம் விடுதி அறையிலேயே நாம் அதை நடத்தலாம். கேட்பவர் கண்ணைக் கட்டிக்கொள்ளட்டும். ஒயர் கையில் படாதபடி துண்டால் மூடுங்கள். வால்யூமைத் தொடாதீர்கள். நாணயம் சுண்டி, பூ விழுந்தால் பழைய ஒயர், தலை விழுந்தால் புது ஒயர். ஒவ்வொரு முறையும் இயர்போனைக் கழற்றித் திரும்ப மாட்டுங்கள். பத்து முறை செய்யுங்கள். குருட்டாம்போக்கில் சொன்னாலே ஐந்து சரியாக வரும். எட்டோ அதற்கு மேலோ வர, நூற்றுக்கு ஐந்தரை வாய்ப்பு உண்டு. ஒன்பதோ பத்தோ வந்தால் நூற்றுக்கு ஒன்றுதான். அப்படி வந்தால் இந்தக் கட்டுரையோடு தாராளமாகச் சண்டைக்கு வரலாம்.

ஒயர் உண்மையிலேயே பாட்டை மாற்றும் இடங்கள்

1. பொது எர்த் ஒயர் அறுந்தால்: ஜாக் பக்கம் இது அடிக்கடி நடக்கும். இரண்டு காதும் தொடர் இணைப்பாகிவிடும். இரு பக்கமும் சமமாகப் பதிவான ஒலி ஒன்றையொன்று அழித்துவிடும். குரலைப் பெரும்பாலும் அப்படித்தான் பதிவு செய்வார்கள். எஸ்.பி.பி. காணாமல் போய் வெறும் மியூசிக் மட்டும் கேட்டால் இயர்போனைத் தூக்கிப் போடாதீர்கள். 3.5 மில்லிமீட்டர் ஜாக்கை மாற்றுங்கள். மெல்லிய இழைகள் மேல் வார்னிஷ் பூச்சு இருக்கும். அதை சால்டரிங் சூட்டில் எரித்து, ஈயம் பிடித்த பிறகே பற்றவையுங்கள்.

2. சட்டையில் உரசும் சத்தம்: விறைப்பான ஒயரில் அதிகம் கேட்கும். மென்மையான ஒயரோ, காதுக்கு மேல் சுற்றிப் போடுவதோ இதைக் குறைக்கும்.

3. வியர்வையில் களிம்பு பிடித்த இணைப்பு: கரகரப்பு வரும். துடைத்தாலே பெரும்பாலும் போய்விடும்.

4. ஆர்மேச்சர் வகை இயர்போன்: பல ஆர்மேச்சர்கள் கொண்ட சிலவற்றில் மின்மறுப்பு ஒலிக்கு ஒலி மாறும். ஓரிடத்தில் 5 ஓம், இன்னோரிடத்தில் 40 ஓம் என்றால், 1 ஓம் ஒயர் ஓரிடத்தில் 1.6 டெசிபலும் மற்ற இடத்தில் 0.2 டெசிபலும் குறைக்கும். இது காதுக்குத் தெரியும். ஆனால் இதைத் தீர்க்க வெள்ளி வேண்டாம், கொஞ்சம் தடித்த சாதாரணச் செம்பு போதும்.

முடிவுரை

அறுந்த ஒயரை மாற்றுங்கள், உரசும் ஒயரை மாற்றுங்கள். பெட்டியில் எழுதியிருக்கும் பெயருக்காக மாற்ற வேண்டாம். 'என்ன உலோகம்?' என்பதற்கு முன் 'எத்தனை ஓம், எந்தச் சுமைக்கு?' என்று கேளுங்கள். கடைக்காரர் சொல்லாவிட்டால் நம் லேபில் மல்டிமீட்டர் இருக்கிறது. முதலில் அதன் இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொட வைத்து வரும் ஓமைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஒயரின் இரு முனைகளிலும் வைத்து அளந்து, முதலில் குறித்ததைக் கழித்துவிடுங்கள். மிச்சம் வரும் எண்தான் அந்த ஒயர்.