கிடேரிக் கன்றும் நாளைய பாலும்

கறவை மாட்டுக்குத் தீவனம் வைக்கிறோம். சினை மாட்டைக் கவனிக்கிறோம். கிடேரிக் கன்றை? மீந்த வைக்கோலைப் போட்டுவிட்டு மறந்துவிடுகிறோம். மூன்று வயதாகியும் பருவத்துக்கு வராவிட்டால், "இது மலடு" என்று விற்றுவிடுகிறோம். இப்படி விற்கப்படும் கிடேரிகளில் பல மலடு அல்ல. தீனி போதாமல் வளராதவை.

உடம்புக்குள் என்ன நடக்கிறது?

கிடேரிக்கு ஒரு கருப்பையும் இரண்டு சினைப்பைகளும் உண்டு. சினைப்பைகளில் முட்டைகள் இருக்கும். தாய் வயிற்றில் இருக்கும்போதே இவை உருவாகிவிடும்.

கன்று வளர வளரக் கருப்பையும் வளரும். போதிய எடை ஏறியதும் மூளையிலிருந்து வரும் சுரப்பு நீர்கள் சினைப்பையைத் தூண்டும். முட்டை முதிர்ந்து வெளிவரும். அப்போது கிடேரி கத்தும். மற்ற மாடுகள் மேல் தாவும். கண்ணாடி போன்ற வழும்பு ஒழுகும். இதுவே பருவம். சினை பிடிக்காவிட்டால் சுமார் 21 நாளுக்கு ஒரு முறை இது திரும்ப வரும்.

ஆகவே, பருவம் வயதை மட்டும் பார்த்து வருவதில்லை. எடையையும் பார்த்தே வருகிறது.

கணக்குப் போடுவோம்

கலப்பினக் கிடேரிக்குச் சுமார் 250 கிலோ எடை வந்தபின் சினை ஊசி போடலாம். பிறந்தபோது கன்றின் எடை 25 கிலோ. இன்னும் ஏற வேண்டியது 225 கிலோ.

தினமும் அரை கிலோ ஏறினால் 450 நாள், அதாவது 15 மாதம்.
தினமும் கால் கிலோ ஏறினால் 900 நாள், அதாவது 30 மாதம்.

நமக்கு நட்டம் 15 மாதம்! அத்தனை மாதமும் பால் இல்லை, தீவனச் செலவு மட்டும் உண்டு.

ஐதராபாத் நகரின் மௌலா அலி போன்ற நெருக்கமான பகுதியில் மேய்ச்சலை நம்ப முடியாது. கட்டிப்போட்டு வளர்க்கும் கன்றுக்கு நாம் வைப்பதுதான் தீனி.

செய்ய வேண்டியவை

1. பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் கொடுங்கள். முதல் நாளில், கன்றின் எடையில் பத்தில் ஒரு பங்கைப் பிரித்துக் கொடுக்கலாம்.
2. மருத்துவர் சொல்லும்படி குடற்புழு மருந்து கொடுங்கள்.
3. பசுந்தீவனம், அடர்தீவனம், தாது உப்புக் கலவை மூன்றும் தேவை.
4. 4 முதல் 8 மாதத்துக்குள் கன்று வீச்சு நோய்த் தடுப்பூசி போடுங்கள். வாழ்நாளில் ஒரு முறை போதும். 2019இல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் இது இலவசம்.
5. கால்நடை மருந்தகத்தில் மார்புச் சுற்றளவை நாடாவால் அளந்து எடையைக் கணித்துச் சொல்லச் சொல்லுங்கள்.

இவற்றையும் அறிவோம்

எடை வருமுன் பருவம் வந்தால் அவசரப்பட்டு ஊசி போட வேண்டாம். சிறிய உடம்பு கன்று ஈனச் சிரமப்படும்.

அளவுக்கு மீறிய தீனியும் தவறு. பருவத்துக்கு முன் கொழுத்தால் மடியில் கொழுப்பு சேரும். பின்னால் பால் குறையும்.

காளைக் கன்றோடு இரட்டையாகப் பிறந்த கிடேரிகளில் பத்தில் ஒன்பதுக்கு மேல் மலடாகவே இருக்கும். தாய் வயிற்றில் இரண்டின் இரத்தமும் கலப்பதே காரணம். இதை முதலிலேயே மருத்துவரிடம் காட்டுங்கள்.

மற்ற கிடேரியை மலடு என்று விற்குமுன், அதன் எடையைப் பாருங்கள்.

பயிற்சி

1. கிடேரி பருவத்துக்கு வந்ததன் அறிகுறிகள் யாவை?
2. ஒரு கன்றின் எடை 30 கிலோ. தினமும் 400 கிராம் ஏறுகிறது. 250 கிலோவை எட்ட எத்தனை நாள் ஆகும்?
3. உங்கள் வீட்டுக் கிடேரியின் வயது என்ன? எடை என்ன? எழுதுங்கள்.