மாமாவின் டைட்டேனியம் மிதிவண்டி

மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் கறுப்பு மணலைக் கண்டிருப்பீர்கள். அதில் இல்மனைட் என்னும் தாது உண்டு. இரும்பும் டைட்டேனியமும் ஆக்சிஜனும் சேர்ந்த பொருள் அது. அந்த டைட்டேனிய உலோகத்தால் ஆன மிதிவண்டி ஒன்றை வாங்க என் சின்ன மாமா மூன்று ஆண்டுகளாகப் பணம் சேர்த்து வருகிறார். "அந்தக் காசுக்கு மோட்டார் சைக்கிளே வாங்கலாமே" என்று பாட்டி சொல்வது எனக்கும் நியாயமாகவே பட்டது. ஏன் இவ்வளவு விலை என்று அறியவே இதைப் படிக்கலானேன்.

டைட்டேனியத்தின் அணு எண் 22. 1791-ல் இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில், ஓர் ஓடையின் கரிய மணலில் இதைக் கண்டறிந்தவர் வில்லியம் கிரெகர் என்னும் ஆங்கிலிக்கன் குருவானவர். பூமியில் இது அரிதானதன்று, பிரித்தெடுப்பதுதான் கடினம். தாதுவைக் குளோரினுடன் சேர்த்து டெட்ராகுளோரைடு ஆக்கி, பின்பு மக்னீசியத்தால் ஒடுக்க வேண்டும். (நாம் வேதியியலில் படித்த அதே ஒடுக்கம்தான்!) குழாய்களைப் பற்றவைக்கும்போதும் காற்றுப் படலாகாது. சூடான டைட்டேனியம் ஆக்சிஜனையும் நைட்ரஜனையும் உறிஞ்சி நொறுங்கும் தன்மை அடைந்துவிடும். ஆகவே ஆர்கான் வாயுவின் காப்பில் பற்றவைக்கிறார்கள். விரிசல் விட்டால் தெருமுனைப் பட்டறையில் சரிசெய்ய இயலாது.

ஆனால் பயனும் உண்டு. ஒரு கன சென்டிமீட்டர் எஃகு ஏறத்தாழ 7.8 கிராம்; டைட்டேனியம் 4.5 கிராம்தான். துருப்பிடிக்காது, பெயின்ட்டும் வேண்டாம். எங்கள் ஊர் உப்புக் காற்றில் மாமாவின் எஃகு வண்டி உள்ளுக்குள்ளேயே துருவேறிக் கிடக்கிறது.

சென்ற ஆண்டு மாமா 300 கிலோமீட்டர் 'பிரெவே' பயணம் போனார். அதை 20 மணி நேரத்தில் முடிக்க வேண்டும். 210-ஆவது கிலோமீட்டரில் விரல்கள் மரத்துப்போய், பிரேக்கை அழுத்தவே முடியவில்லை. நள்ளிரவில் ஒரு லாரியில் ஏறி வீடு வந்தார். அம்மா அன்று அழுதுவிட்டாள். காரணம் உலோகமன்று, ஃபிரேம் ஓர் அளவு பெரியது, ஹேண்டில்பார் எட்டாத தூரம். உடம்பின் பாரமெல்லாம் உள்ளங்கையில் விழுந்திருக்கிறது.

"அப்படியானால் டைட்டேனியம் எதற்கு மாமா?" என்று கேட்டேன். மாமா பதில் சொல்லவில்லை. சாலையின் அதிர்வைக் குறைப்பதில் ஃபிரேமைவிட டயருக்கே பங்கு அதிகம். 23 மில்லிமீட்டர் டயரை விட்டு, 32 மில்லிமீட்டர் டயரைச் சற்றுக் குறைந்த காற்றுடன் ஓட்டினாலே கைக்கு வரும் அதிர்வு குறையும். எனவே அந்த டயருக்கும் மட்கார்டுக்கும் இடமுள்ள ஃபிரேமாகப் பார்க்க வேண்டும். மலையேற முன்னும் பின்னும் 34 பற்கள் கொண்ட சக்கரங்கள் போதும். முன்சக்கர அச்சிலேயே டைனமோ இருந்தால் இரவு முழுவதும் விளக்கெரியும். இன்னொன்று, சீட் கம்பியைச் செருகுமுன் அதற்கென உள்ள பசையைத் தடவ வேண்டும். இல்லையேல் இரு உலோகங்களும் இறுகிக்கொள்ளும்.

மாமாவின் கனவு பிரான்சில் 1891-ல் தொடங்கிய பாரிஸ்-பிரெஸ்ட்-பாரிஸ் பயணம். இப்போது நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை நடக்கிறது. 1,200 கிலோமீட்டரை அதிகம் போனால் 90 மணி நேரத்தில் கடக்க வேண்டும். அதே ஆண்டில் 200, 300, 400, 600 கிலோமீட்டர் பயணங்களை முடித்தவர்க்கே இடம்.

புதிய வண்டி இன்னும் வரவில்லை. பழைய வண்டியிலேயே குட்டையான ஸ்டெம்மும் அகலமான டயரும் பூட்டி, சென்ற மாதம் மாமா 200 கிலோமீட்டரை முடித்தார். விரல் மரத்ததா என்று கேட்டோம். பாட்டி தந்த காப்பி டம்ளரை ஒற்றைக் கையால் தூக்கிக் காட்டினார்.