வயலுக்கு வரும் விருந்தாளிப் பருந்து



பெரும்போகத்துக்கு வயலைப் பண்படுத்தும் நாட்களில் வானத்தை அண்ணாந்து பார்த்ததுண்டா? 2006இல் மூதூர் கிழக்கிலிருந்து இடம்பெயர்ந்து, ஆண்டுகள் பல கழித்து ஊர் திரும்பிய சில குடும்பங்களோடு, ஐப்பசி மாதத்தில் ஒரு நாள் முழுவதும் கொட்டியாரக் குடாவின் தென்கரையில் பறவைகளைப் பார்த்தோம்.

விடியற்காலையில் பற்றைக்குள் ஆறுமணிக்குருவி கூப்பிட்டது. காலையிலும் மாலையிலும் ஆறு மணியளவில் கூவுவதால் அதற்கு அந்தப் பெயர். இமயமலை அடிவாரத்திலிருந்து வருவது அது. குடாவின் மேல் வட்டமிட்ட செம்பருந்தும் கடற்கழுகும் ஆண்டு முழுவதும் இங்கே வாழ்பவை.

வெயில் ஏறியதும் நீண்ட சிறகுடைய ஒரு பருந்து வரம்பை ஒட்டித் தாழப் பறந்து வந்தது.

“சுவாமி, இது கோழிக்குஞ்சு தூக்க வருகுது” என்று ஓர் அம்மா கல்லை எடுத்தார்.

“கொஞ்சம் பொறுங்கோ அம்மா” என்றேன்.

பருந்து புல்லுக்குள் விழுந்தது. எழும்பியபோது காலில் ஒரு எலி. அம்மா கல்லைக் கீழே போட்டார்.

அது பூனைப்பருந்து. ஐரோப்பாவிலும் வட ஆசியாவிலும் குஞ்சு பொரிப்பது. குளிர்காலத்தில் அங்கே இரை அருகிவிடும். அதனால் இந்தியா வழியாக இங்கே வந்து, சித்திரைக்குள் திரும்பிவிடும். நாம் விதைத்து அறுக்கும் காலம் முழுவதும் அது நம் வயலில் கூலியில்லாமல் காவல் செய்கிறது.

கடன்பட்டு விதைத்த வயலை எலி வெட்டினால் நெஞ்சு பதறத்தான் செய்யும். உடனே எலிப்பாசாணம் வைக்கிறோம். நஞ்சு தின்று தள்ளாடும் எலியைப் பிடிப்பது பருந்துக்கும் ஆந்தைக்கும் எளிது. அதைத் தின்று அவையும் சாகலாம். காவலாளி செத்தபின் எலி மறுபடி பெருகும், எலிக்காய்ச்சலும் பரவும்.

நிலம் இழந்தவர்களால் இதையெல்லாம் பார்க்க முடியுமா என்று கேட்கலாம். இந்தியாவின் நாகாலாந்தில் பாங்டி என்ற ஊராரின் விளைநிலம் டோயாங் நீர்த்தேக்கத்தில் மூழ்கியது. பிழைப்புக்காக அவர்களில் பலர், ஆபிரிக்கா நோக்கிச் செல்லும் அமூர் வல்லூறுகளை வலை வீசிப் பிடித்து விற்றனர். 2012இல் பல்லாயிரம் பறவைகள் இறந்தன. 2013இல் ஊர்ச்சபை கூடித் தடை விதித்தது, வேட்டை நின்றது. நிலம் போனாலும், கூடி முடிவெடுக்கும் பலம் அவர்களை விட்டுப் போகவில்லை.

நாம் செய்யக்கூடியவை:

1. வரம்பைத் துப்புரவாக்கி, எலி வளைகளை மூடுவோம். அயலார் எல்லோரும் ஒரே காலத்தில் விதைப்போம்.

2. வயலில் இடையிடையே குறுக்குத்தடி கட்டிய கம்புகளை நடுவோம். பகலில் கரிக்குருவி பூச்சியையும், இரவில் ஆந்தை எலியையும் பிடிக்கும். கதிர் முற்றும்போது கம்புகளை அகற்றுவோம். இல்லாவிட்டால் நெல் தின்னும் குருவிகள் வந்து குந்தும்.

3. வயல் இன்னும் கைக்கு வராதவர்களும், வந்த பறவைகளைத் திகதியோடு பிள்ளைகளின் கொப்பியில் எழுதிவைப்போம்.

கலந்துரையாடலுக்கு:

அ. இடம்பெயருமுன் உங்கள் வயலுக்கு வந்த எந்தப் பறவைகளை இப்போது காணவில்லை?

ஆ. நஞ்சு வைக்காமல் எலியைக் கட்டுப்படுத்த, உங்கள் ஊரார் இந்தப் போகத்தில் என்ன முடிவெடுக்கலாம்?