உறைகடல் வழி

மாணாக்கர்களே! நம் தருமபுரி மாவட்டத்து ஒகேனக்கல்லிலே காவிரியிற் பரிசல் ஏறியோர் உங்களுட் பலர் இருப்பீர்கள். வேனிற்காலத்தில் அடங்கி ஓடும் அவ்வாறு, மேற்கே மழை பெய்து வெள்ளம் பெருகுங்கால் சீறிப் பாயும். அப்பொழுது பரிசல் செலுத்தலாகாது எனத் தடை விதிக்கப்படும். பரிசலோட்டிகளும் துடுப்பைக் கீழே வைத்து, வெள்ளம் வடியுமட்டும் காத்திருப்பர். செல்லும் காலமும் நிற்கும் காலமும் அறிந்தவனே நல்ல பரிசலோட்டி. கடல் நீரே கட்டியாக உறைந்து வழியாகிவிடும் துருவப் பகுதிகளிலும் இவ்வறிவே உயிர் காக்கின்றது.

நன்னீர் 0 பாகை செல்சியசில் உறையும். கடல்நீரோ உப்புடைமையால் ஏறத்தாழ −1.8 பாகையிலேதான் உறையும். உறையும்பொழுது உப்பின் பெரும்பகுதி வெளியேறும். எஞ்சியது உவர்நீராய்க் கட்டியினுள்ளே சிறு சிறு குழிகளில் தங்கிவிடும். ஆதலின், கனம் ஒன்றேயாயினும், ஏரிமீது உறைந்த பனிக்கட்டியினும் கடற்பனிக்கட்டி வலிமை குறைந்தது. மேலும், அதன் அடியில் நீரோட்டமும் ஓதமும் ஓயாது தொழிற்படுகின்றன. காலையிற் கண்ட வழி மாலையில் பிளந்து கிடத்தலும் உண்டு.

வடதுருவத்தை அடுத்து வாழும் இன்யூட் மக்கள், கூரிய முனையுடைய கோலாற் குத்திப் பார்த்தே அடியெடுத்து வைப்பர். புதிதாய் உறைந்த மெல்லிய கட்டி கருமையாய்த் தோன்றும். தடிக்கத் தடிக்கச் சாம்பல் நிறமும், பின் வெண்மையும் பெறும். ஆயினும் மேலே வெண்பனி மூடிவிடின் நிறம் புலப்படாது. அப்பனி கம்பளம் போர்த்தாற்போலக் குளிர் கீழே இறங்காமல் தடுத்தலின், கட்டி தடிப்பதும் குறையும். ஆகவே இக்காலத்தார் இடந்தோறும் துளையிட்டுக் கனத்தை அளந்தே வண்டியைச் செலுத்துகின்றனர். ஓதத்தாற் கரையோரம் வெடிப்புகள் தோன்றுதலின், ஆங்கே இருமடங்கு விழிப்பு வேண்டும். பாரத்தை ஓரிடத்திற் குவியாது, நீண்ட சறுக்குவண்டிகளிற் பரப்பி ஏற்றுவர். வண்டிகளும் ஒன்றையொன்று நெருங்காமற் செல்லும்.

நம் நாட்டினருக்கும் இவ்வழி புதியதன்று. 1981 டிசம்பர் 6-ஆம் நாள் கோவாவினின்று கப்பலேறிய இந்தியக் குழுவினர் 21 பேர், எஸ். இசட். காசிம் தலைமையில் 1982 ஜனவரி 9-ஆம் நாள் அண்டார்க்டிக்காவில் இறங்கினர். பின்னர் மைத்ரி நிலையம் 1989-இலும், பாரதி நிலையம் 2012-இலும் அங்கே அமைந்தன.

இனி, அக்கண்டத்திலே முன்பு நிகழ்ந்த ஒன்றைக் கேளுங்கள். 1916-ஆம் ஆண்டில், ஷாக்கிள்டன் என்பாருக்காக வழிநெடுக உணவு வைத்துத் திரும்பிய ஐவர், பசியாலும் நோயாலும் மெலிந்து ஒரு குடிலில் ஒதுங்கினர். உணவும் துணையும் நிறைந்த நிலையமோ, உறைகடலுக்கு அப்பால் ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவில் இருந்தது. கடல் அப்பொழுதுதான் உறையத் தொடங்கியிருந்தது. தலைவர் மக்கின்டாஷும் ஹேவர்டும் பொறுக்கலாற்றாராய், தோழர் தடுத்தும் கேளாது, மே 8-ஆம் நாள் புறப்பட்டனர். சிறிது பொழுதில் பனிப்புயல் எழுந்தது. புயல் ஓய்ந்தபின் தோழர் தேடிச் சென்றனர். அவ்விருவரின் அடிச்சுவடுகள் பனிக்கட்டி உடைந்த இடத்தோடு முடிந்திருந்தன. அவர்களை மீண்டும் கண்டார் ஒருவரும் இலர்.

எஞ்சிய மூவரும் அதே குளிரோடு குடிலிலே காத்திருந்தனர். கட்டி நன்கு இறுகியபின் ஜூலை 15-ஆம் நாள் புறப்பட்டு, நலமே நிலையம் சேர்ந்தனர். வழி ஒன்றே, தொலைவும் ஒன்றே. வேறுபட்டது காலம் ஒன்றே.

முன்சென்ற இருவரும் கோழைகளல்லர். பிறர்பொருட்டுப் பெருந்துன்பம் பொறுத்த வீரர்கள். எனினும் வீரத்திற்கு இயற்கை விலக்களிப்பதில்லை. 'பதறாத காரியம் சிதறாது' என்னும் நம் முன்னோர் மொழி, காவிரிக் கரைக்கும் உறைகடலுக்கும் ஒக்கும். துடுப்பைக் கீழே வைத்துக் காத்திருக்கும் பரிசலோட்டியைக் காணுந்தோறும் இதனை நினைவிற் கொள்ளுங்கள்.