கிழிந்த படத்தைச் சரிசெய்யலாம்

முன்பெல்லாம் ஸ்டூடியோவில் படத்தைத் திருத்தத் தனியாக ஒருவர் இருப்பார். நெகட்டிவை வெளிச்சத்தின் முன் வைப்பார். கூர்மையான பென்சிலால் மெல்லத் தொடுவார். பரு மறையும். சுருக்கம் குறையும். கை நடுங்கினால் படம் கெட்டுவிடும்.

இன்று அந்த வேலையைக் கணினியில் செய்கிறார்கள். 1990-இல் போட்டோஷாப் என்ற மென்பொருள் விற்பனைக்கு வந்தது. அதை எழுதத் தொடங்கியவர்கள் தாமஸ் நோல், ஜான் நோல் என்ற அண்ணன் தம்பிகள். அதைப் பயன்படுத்தச் சந்தா கட்ட வேண்டும். 1996-இல் கிம்ப் வெளிவந்தது. அதை எழுதியவர்கள் அமெரிக்காவில் படித்த இரண்டு மாணவர்கள். அது இலவசம். பழகுவதற்கு அதுவே போதும்.

கணினிக்குள் படம் எப்படி இருக்கிறது? வாசலில் போடும் புள்ளிக் கோலத்தை நினைத்துப் பாருங்கள். படமும் அப்படித்தான். ஆனால் அதில் பல லட்சம் புள்ளிகள் நெருக்கமாக இருக்கும். ஒவ்வொரு புள்ளிக்கும் மூன்று எண்கள் உண்டு. ஒன்று சிவப்புக்கு, ஒன்று பச்சைக்கு, ஒன்று நீலத்துக்கு. எண் 0 முதல் 255 வரை இருக்கும். மூன்றும் 0 என்றால் கறுப்பு. மூன்றும் 255 என்றால் வெள்ளை. படத்தைத் திருத்துவது என்றால் இந்த எண்களை மாற்றுவதுதான்.

ஒரு வீட்டில் அப்பா இறந்துவிட்டார். அவருடைய படம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதுவும் நடுவில் மடிந்து, வெளிறிப் போயிருந்தது. அதைப் பெரிதாக்கிச் சுவரில் மாட்ட அம்மா ஆசைப்பட்டார். மகள் கணினி வகுப்பில் படித்துக்கொண்டிருந்தாள்.

மகள் முதலில் உலர்ந்த மெல்லிய துணியால் படத்தின் தூசியைத் துடைத்தாள். தண்ணீர் தொடவில்லை. தண்ணீர் பட்டால் பழைய படம் ஒட்டிக்கொள்ளும். பிறகு ஸ்கேன் செய்தாள். ஸ்கேன் செய்த படத்துக்கு ஒரு நகல் எடுத்தாள். வேலையை நகலில்தான் செய்தாள். மூலப்படத்தைத் தொடவே இல்லை.

கிராப் கருவியால் கிழிந்த ஓரங்களை வெட்டினாள். அடுத்து வெளிச்சத்தைக் கூட்டினாள். கொஞ்சம் கூட்டியதும் முகம் தெளிந்தது. மேலும் கூட்டினாள். சட்டையில் இருந்த கோடுகள் காணாமல் போயின. ஏன்? புள்ளிகளின் எண் 255-ஐத் தொட்டுவிட்டது. அதற்கு மேல் இடம் இல்லை. எல்லாம் ஒரே வெள்ளையாகிவிட்டது. அவள் குறைத்துக்கொண்டாள்.

மடிப்பை மறைக்கக் குளோன் கருவி உதவியது. கண்ட்ரோல் விசையை அழுத்திக்கொண்டு நல்ல இடத்தில் ஒரு முறை சொடுக்க வேண்டும். பிறகு கெட்ட இடத்தில் தேய்க்க வேண்டும். நல்ல இடத்தின் புள்ளிகள் அங்கே போய் உட்காரும். கிழிந்த சேலைக்கு அதே சேலையின் துண்டை வைத்துத் தைப்பது போல. சிறிய தூரிகையால் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்வது நல்லது. அவசரப்பட்டால் ஒட்டுப் போட்டது தெரியும்.

தாடையில் ஒரு கறுப்புப் புள்ளி இருந்தது. அழுக்கு என்று நினைத்து மகள் அதையும் அழித்தாள்.

“ஐயோ, அது அப்பாவோட மச்சம்!” என்றார் அம்மா.

மகள் கண்ட்ரோல் விசையோடு இசட் எழுத்தை அழுத்தினாள். மச்சம் திரும்பி வந்தது. கடைசியாகச் செய்த வேலையை அது திருப்பிவிடும்.

“முகத்தைக் கொஞ்சம் வெளுப்பாக்கேன்,” என்றார் பக்கத்து வீட்டு அக்கா.

“வேண்டாம்மா. வெயில்ல உழைச்ச முகம். வெளுத்தா வேற யாரோ மாதிரி இருக்கும்,” என்றார் அம்மா.

அவர் சொன்னது சரி. கேட்காமலே முகத்தை வெளுப்பாக்கித் தரும் கடைகள் உண்டு. வேண்டாம் என்று முன்பே சொல்லிவிடலாம். விண்ணப்பத்தில் ஒட்டும் படத்தில் இன்னும் கவனம் தேவை. தழும்பையோ மச்சத்தையோ அழித்தால், ஆளும் படமும் பொருந்தவில்லை என்பார்கள்.

பாஸ்போர்ட் அளவுப் படம் என்றால் பெரும்பாலும் 35 மில்லிமீட்டர் அகலம், 45 மில்லிமீட்டர் உயரம். ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி என்று வைத்தால், அகலத்தில் 413 புள்ளிகளும் உயரத்தில் 531 புள்ளிகளும் வரும். கணினி வழி விண்ணப்பத்தில் கோப்பின் அளவையும் கேட்பார்கள். 20 முதல் 50 கிலோபைட் என்று பல தேர்வு விண்ணப்பங்களில் இருக்கும். ஜேபெக் கோப்பாகச் சேமிக்கும்போது தரத்தைக் குறைத்தால் அளவு குறையும். அளவு மீறினால் விண்ணப்பம் ஏறாது.

இதே கருவிகளால் ஒருவர் தலையை இன்னொருவர் உடலில் ஒட்டவும் முடியும். அப்படிப் படம் செய்து பெண்களை மிரட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். பயந்து பணம் கொடுக்க வேண்டாம். வந்த படத்தையும் செய்தியையும் அழிக்கவும் வேண்டாம். அவைதான் சாட்சி. காவல் நிலையத்தில் புகார் கொடுக்கலாம். மத்திய அரசின் சைபர் குற்றப் புகார் இணையதளத்திலும் பதிவு செய்யலாம்.