கொள்ளைக் காய்ச்சலுக்குக் காவல்

நோயற்ற வாழ்வே குறைவற்ற செல்வம் என்பர் நம் முன்னோர். அச்செல்வத்தைக் கவர வரும் கள்வர் பலர். அவர்களுள் அடிக்கடி வேடம் மாற்றி வருபவன் இன்புளுயன்சா என்னும் புளூ காய்ச்சல். இக்கள்வனின் வருகையை உலகம் எவ்வாறு முன்கூட்டியே அறிந்துகொள்கிறது என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

வேடம் மாற்றும் கிருமி

அம்மை நோய்க்குச் சிறு வயதில் போடும் தடுப்பூசி நெடுங்காலம் காக்கிறது. புளூ காய்ச்சலுக்கோ ஆண்டுதோறும் புதிய ஊசி தேவைப்படுகிறது. ஏன்? இக்காய்ச்சலை உண்டாக்கும் வைரஸ் சிறிது சிறிதாக மாறிக்கொண்டே இருப்பதால்தான். மேலும் அதன் மரபுப்பொருள் எட்டுத் துண்டுகளாக உள்ளது. மனிதரைத் தாக்கும் வைரசும் பறவைகளைத் தாக்கும் வைரசும் ஒரே பன்றியின் உடலில் புகுந்தால், அத்துண்டுகள் இடம் மாறிக் கலந்து முற்றிலும் புதிய வைரஸ் பிறக்கக்கூடும். அதனை முன்பே கண்ட உடல் எவருக்கும் இல்லை, எதிர்ப்பாற்றலும் இல்லை. அப்போதுதான் காய்ச்சல் நாடு விட்டு நாடு தாவி, உலகையே சூழும் கொள்ளைநோயாகிறது.

காவல் இல்லாத காலம்

1918 ஜூன் திங்களில், பம்பாயில் ஏழு காவலர்கள் காய்ச்சலோடு மருத்துவமனையில் சேர்ந்தனர். அவர்களுள் ஒருவர் துறைமுகத்தில் பணிபுரிந்தவர். கப்பல் வழி வந்த அந்நோய் இருப்புப்பாதை வழியே நாடெங்கும் பரவி, இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோயிற்று.

அந்நோய்க்கு 'ஸ்பானியக் காய்ச்சல்' என்ற பெயர் வந்த கதை சிந்திக்கத்தக்கது. அது முதல் உலகப் போர்க் காலம். போரிட்ட நாடுகள் நோய்ச் செய்தியைப் பத்திரிகைகளில் வராமல் தடுத்தன. போரில் சேராத ஸ்பெயின் நாட்டுப் பத்திரிகைகளோ உள்ளதை உள்ளபடி எழுதின. உண்மையைச் சொன்ன நாட்டின் தலையிலேயே நோயின் பெயர் விழுந்தது!

செய்தித்தாளில் நோயைக் கண்டவர்

1933இல் இலண்டன் நகர அறிவியலார் மனிதரைத் தாக்கும் இவ்வைரசை முதன்முதலாகப் பிரித்தெடுத்தனர். 1952இல் உலக சுகாதார நிறுவனம், பல நாட்டு ஆய்வுக்கூடங்களை இணைத்து ஒரு காவல் வலையை அமைத்தது. ஆனால் வலையில் ஓர் ஓட்டை இருந்தது. 1957ஆம் ஆண்டின் தொடக்கத்தில் சீனாவில் புதிய காய்ச்சல் பரவியபோது, அந்நாடு அவ்வலையில் சேர்ந்திருக்கவில்லை. ஆகவே செய்தி உரிய நேரத்தில் வெளிவரவில்லை.

அவ்வாண்டு ஏப்ரல் 17ஆம் நாள், அமெரிக்க அறிவியலார் மாரிஸ் ஹில்மன் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். ஹாங்காங்கில் இரண்டரை இலட்சம் பேர் காய்ச்சலில் விழுந்தனர் என்ற செய்தி அவர் கண்ணில் பட்டது. பலரும் படித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டியிருப்பர். அவரோ அக்காய்ச்சல் கண்ட ஒரு நோயாளியின் தொண்டை நீரை வரவழைத்து ஆராய்ந்தார். முதியோர் சிலரைத் தவிர எவர் இரத்தத்திலும் அவ்வைரசுக்கு எதிர்ப்பாற்றல் காணப்படவில்லை. பள்ளிகள் திறக்கும் செப்டம்பரில் நோய் அமெரிக்காவில் பரவும் என்று எச்சரித்தார். அக்காலத்தில் தடுப்பூசியைக் கோழி முட்டையில்தான் வளர்த்தனர். ஆகவே சேவல்களைக் கொல்லவேண்டாம் என்று பண்ணையாளர்களைக் கேட்டுக்கொள்ளவும் அவர் மறக்கவில்லை. அவர் சொன்ன வண்ணமே நோய் வந்தது. அதற்குள் கோடிக்கணக்கில் ஊசி மருந்தும் உருவாகிவந்தது.

அதே ஆண்டு மே திங்களில் அக்காய்ச்சல் சிங்கப்பூரிலிருந்து கப்பலேறி நம் சென்னைத் துறைமுகத்தில் இறங்கியது. சில வாரங்களில் இந்தியா முழுதும் பரவியது. அதன் போக்கைக் கணக்கிட்டு ஆராய்ந்த நிலையம் நம் நீலகிரியில், குன்னூர் பாஸ்டியர் நிலையத்தில் இருந்தது என்பது நமக்குப் பெருமை.

இன்றைய காவல்

இன்று நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளின் ஆய்வுக்கூடங்கள் நோயாளிகளின் சளியை ஆண்டு முழுதும் ஆராய்கின்றன. பிப்ரவரியிலும் செப்டம்பரிலும் அறிஞர்கள் கூடி, அடுத்த பருவத்துக்கு உரிய ஊசி எது என முடிவு செய்கின்றனர். நம் நாட்டில் புனே நகரின் தேசிய வைரஸ் ஆய்வு நிறுவனம் இப்பணியில் முன்நிற்கிறது.

எனினும் ஆய்வுக்கூடம் நோயாளியைத் தேடி வருவதில்லை. யாரேனும் ஒருவர் கண்டு சொல்லவேண்டும். 2009 ஏப்ரல் 23ஆம் நாள், நியூயார்க் நகரில் புனித பிரான்சிஸ் பெயர் தாங்கிய கத்தோலிக்க உயர்நிலைப் பள்ளியில் மாணவர் ஏறத்தாழ நூறு பேர் நோயுற்றனர். பள்ளியின் செவிலியர், பருவக் காய்ச்சல்தானே என்று இருந்துவிடவில்லை. உடனே நகரச் சுகாதாரத் துறைக்குத் தொலைபேசியில் சொன்னார். புதிய பன்றிக் காய்ச்சல் அந்நகருக்கு வந்துவிட்டதை உலகம் அறிந்தது அவரால்தான்.

எங்கள் வகுப்பில் நடந்தது

சென்ற மழைக்காலத்தில் எங்கள் வகுப்பிலும் காய்ச்சல் பரவியது. தோழி ஒருத்தி முதலில் ஆசிரியையிடம் சொல்லி வீட்டுக்குச் சென்றாள். அவள் குணமாகித் திரும்பியபோது, 'காய்ச்சலைக் கொண்டுவந்தவள்' என்று பெயர் சூட்டி, ஒரு வாரம் அவள் பெஞ்சில் உட்கார மறுத்தோம். பின்னர்தான் உண்மை வெளிப்பட்டது. அவளுக்கு முன்பே எங்களுள் மூவருக்குக் காய்ச்சல் இருந்தது. முழு வருகைப் பரிசு போய்விடுமே என்று மாத்திரை விழுங்கிவிட்டு வகுப்பில் அமர்ந்திருந்தோம். நோயைப் பரப்பியது நாங்கள். பழி சுமந்தது அவள். ஸ்பெயினுக்கு நேர்ந்ததும் இதுதானே! வெட்கத்துடன் அவளிடம் மன்னிப்புக் கேட்டோம். அவள் சிரித்துக்கொண்டே மன்னித்தாள்.

ஆகவே அருட்சகோதரிகளிடம் பணிவுடன் ஒரு வேண்டுகோள் வைக்கிறோம். காய்ச்சலுக்காக எடுக்கும் விடுப்பை முழு வருகைப் பரிசுக் கணக்கில் குறையாகக் கொள்ளாதிருக்க வேண்டுகிறோம். பெற்றோரே, பரீட்சை நாளாயினும் காய்ச்சலை மறைத்து எங்களை அனுப்பாதீர்கள். தோழியரே, இருமும்போது கைக்குட்டையால் வாயை மூடுவோம். சோப்பிட்டுக் கை கழுவுவோம். வகுப்பில் ஒரே நாளில் பல இடங்கள் காலியானால் வகுப்புத் தலைவி உடனே ஆசிரியையிடம் சொல்லட்டும். வருகைப் பதிவேடும் ஒரு காவல் கருவியே.

முதலில் சொல்பவளைப் பழிக்காமல் நன்றி கூறுவோம். அவள் சொல்லும் ஒரு சொல் பல உயிர்களைக் காக்கும்.

– பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு